முப்பத்து மூன்றாம் படம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியதால் அந்த நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். ‘35 – செருப்பு விடும் இடம், மழைத்தண்ணீர் – 4.10’ என்று எழுதினேன். பேனாவை மூடினேன். “தேனு, வா போலாம்” என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

அது அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் இருந்த ஒரு லாரிப் பட்டறை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் அங்கேதான் பழுது பார்க்க நிற்கும். பட்டறையின் மாடியில் சீக்கியர்கள் கூடி வழிபடும் ஒரு கூடம் இருந்தது. 1998ஆம் வருடம், ஐப்பசிப் பௌர்ணமி. அவர்களுடைய குரு நானக் பிறந்த நாள். என் மகள் தேன்மொழிக்கு அப்போது ஐந்து வயது.

சென்ற மாதம் நான் விருப்ப ஓய்வு பெற்றேன். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பயண மாத இதழ் இப்போது டிஜிட்டல் கேமராவுக்கு மாறிவிட்டது. நான் ஃபிலிமோடு நின்றுவிட்டேன். வழியனுப்பிய அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: “மேடம், எங்க கிளம்பினாலும் மொதல் படம் கூட வர்றவங்களத்தான் எடுப்பீங்களாமே? அதுவும் தலையிலேருந்து கால் வரைக்கும். என்ன மேடம் சென்டிமென்ட்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன்.

இன்று தேன்மொழி பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறாள். பதினான்கு வயது. காலையில் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். “காலும் விழணுமாம்மா?” என்றாள். “காலுந்தான்” என்றேன். அவள் பஸ் ஏறிப் போய் நான்கு மணி நேரமாகிறது. கை சும்மா இருந்தால் மனம் சும்மா இருக்காது. அதனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்லாத பதிலை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் அப்பா விக்கிரமங்கலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். உதவித்தொகையில் சென்னைக்குப் போய்ப் புகைப்படக் கலையில் பட்டயம் வாங்கினேன். சில வருடங்கள் அரியலூரில் கல்யாண வீடுகளில் படம் எடுத்தேன். 1995இல் திருச்சியிலிருந்து வந்த அந்த இதழில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து ராமநாதன் சாரிடம் மாட்டிக்கொண்டேன்.

அவர்தான் படப்பிரிவுக்குப் பொறுப்பு. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பென்சில். படம் நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நெகட்டிவோ பிரிண்டோ, எதைக் கொடுத்தாலும் தலைகீழாகத் திருப்பித்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் முகம் நம்மை இழுத்துக்கொள்ளும், படம் கண்ணில் படாது என்பது அவருடைய கணக்கு.

முதல் வேலையாக எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போனேன். வரிசையாக நிற்க வைத்து, தலை வாரிவிட்டு எடுத்திருந்தேன். “குரூப் போட்டோ எடுக்க ஊருக்கு ஊரு ஸ்டுடியோ இருக்கும்மா. அவங்க பொழப்பக் கெடுக்காதீங்க” என்றார். அடுத்து ஆண்டிமடம், முந்திரித் தோப்பு. கொட்டை பொறுக்கும் பெண்கள் வாய் நிறையச் சிரிக்கும் படம். எனக்கே பெருமையாக இருந்தது. சார் தலைகீழாகத் திருப்பினார். கீழே இருந்த கால்கள் மேலே வந்தன.

“இந்தம்மா செருப்பு புதுசா இருக்கே.”

“ஆமா சார்.”

“முந்திரிக்காட்டுல புதுச்செருப்பு போட்டுக்கிட்டா கொட்ட பொறுக்குவாங்க? நீங்க வர்றீங்கன்னு வூட்லேருந்து எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. அவங்க சிரிக்கலம்மா, உங்களுக்குச் சிரிச்சுக் காட்டுறாங்க. நெகட்டிவக் கால்லேருந்து பாருங்க. முகத்துக்கு ஒப்பனை பண்றவங்க கால மறந்துடுவாங்க.”

சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

அவரிடம் இன்னும் இரண்டு சட்டங்கள் இருந்தன. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் எண், விஷயம், நேரம் மூன்றையும் அங்கேயே எழுத வேண்டும். அடுத்தது, ஆளைப் படம் எடுத்தால் கேமராவை இறக்கியதும் அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. “எடுத்துக்கிட்டோம்ல, அதுக்கு நன்றி. வாயத் தொறந்து பேசினா வேல கெட்டுடும். தலைய ஆட்டினாப் போதும்.” ஒரு வருடத்தில் அது எனக்கு இமை மூடுவது போலத் தானாக வர ஆரம்பித்தது. யாரைப் பார்த்து ஆட்டுகிறேன் என்று கூட நினைவிருக்காது.

1996இல் என்னை அமிர்தசரஸுக்கு அனுப்பினார். மூன்று வயதுத் தேனுவை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பத்து நாள் போனேன். பொற்கோயிலில் எல்லோரும் எடுக்கும் படங்கள் வேண்டாம், அங்கே வரும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எடுத்து வாருங்கள் என்றார். குளத்தின் படியில் அப்பாவின் விரலைப் பிடித்தபடி காலை மட்டும் நனைக்கும் பிள்ளை. சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டு, தன் உயரத்துக்கு மேல் தூக்கிப் போகும் பிள்ளை. நெற்றி தரையில் பட வணங்குகிறவருக்கு எதிரே போய் நிற்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, கேமராப் பையை வேதநூலின் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். அந்தப் படங்களில் பதினொன்றை சார் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

அந்தப் படங்கள் வந்த இதழ் பட்டறைக்கார பல்பீர் சிங்கின் கைக்குப் போயிருக்கிறது. பதினைந்து வருடமாக அரியலூர்ப் பக்கம் லாரி பழுது பார்ப்பவர். எங்கள் ஊரில் அவர் ‘சிங் அண்ணன்’. வீட்டுக்கே வந்தார். “தங்கச்சி, அம்மாம் தூரம் போனீங்களே, பக்கத்துல இருக்குற எங்கள விட்டுட்டீங்களே” என்றார். சாரிடம் சொன்னேன். “அன்னைக்கு கங்கைகொண்ட சோழபுரத்துல அன்னாபிஷேகம். எல்லாரும் கேமராவத் தூக்கிக்கிட்டு அங்கதான் போவாங்க. நீங்க பட்டறைக்குப் போங்க” என்றார்.

மாமியாரும் அன்னாபிஷேகத்துக்குப் போய்விட்டார். என் கணவர் அரியலூர் ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவு எழுத்தர். அவருக்கு அன்று பகல் வேலை. தேனுவை விட ஆளில்லை. கூட்டிக்கொண்டு போனேன். வேலைக்கு அவளை இரண்டு மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறேன். ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி வைத்திருந்தேன்: அம்மா கேமராவைக் கண்ணில் வைத்திருக்கும்போது கூப்பிடக் கூடாது.

அப்போது அவள் மொட்டை. ஆவணியில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு, பத்து நாள் முன்புதான் முடி இறக்கியிருந்தோம். பள்ளியில் தலையைத் தட்டித் தட்டிக் கேலி செய்தார்கள் என்று அழுதிருந்தாள். கூடத்துக்குள் தலையை மூடித்தான் போக வேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. என் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். பச்சை கவுன், இடது காலில் மட்டும் கொலுசு. வலது கொலுசின் திருகு கழன்று ஆசாரியிடம் கொடுத்திருந்தோம்.

திருச்சியிலிருந்து ஒரு வேனில் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள். அவர்களுக்குப் பெரியவர் ஒரு வயதான அம்மாள். எல்லோரும் பீஜி என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் திருச்சியில் இருப்பவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பையன்கள் எல்லோரும் வெட்டாத முடியைச் சுருட்டி உச்சியில் கொண்டையிட்டு, அதன்மேல் பட்கா என்ற துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவர்களும் பேசியது திருச்சித் தமிழ்தான். பீஜியின் பேத்தி சிம்ரன், ஏழு வயது, தேனுவைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் முடி எங்க?”

“சமயபுரத்துல.”

“எப்பத் திருப்பித் தருவாங்க?”

“தர மாட்டாங்க. நாமளேதான் வளத்துக்கணும்.”

“எங்க தம்பி முடிய யாரு தொட்டாலும் பீஜி கைய ஒடச்சிடும்” என்றாள் சிம்ரன் பெருமையாக. அவள் தம்பி ஜஸ்ஸி, தேனுவின் வயதுதான், கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

காலையில் தண்ணீர் கேன்கள் வாங்க வேன் கிளம்பியபோது பிள்ளைகள் எல்லாம் ஏறிக்கொண்டார்கள். தேனு படியில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரு படம் எடுத்தேன், தலையசைத்தேன், கையைக் காட்டினேன். அரை மணியில் திரும்பி வந்தார்கள்.

பிறகு நான் வேலையில் மூழ்கினேன். விதானத்தின் கீழே வேதநூல். அதன்மேல் மெல்ல அசையும் வெண்சாமரம். ஆர்மோனியம் வாசித்துப் பாடியவரின் விரல்களில் கிரீஸ் கறை போகவே இல்லை. அவர் லாரி டிரைவர். பாட்டின் நடுவே தூங்கி விழும் பையன், நெய் சொட்டும் கோதுமை அல்வாவை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கும் பையன். கீழே பட்டறையில் எல்லோருக்கும் சாப்பாடு. எஞ்சினுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, முதலாளியும் கிளீனரும் ஒரே வரிசை. ரொட்டியும் பருப்பும், பக்கத்து வீட்டுப் பெண்கள் வைத்துக் கொடுத்த சாம்பாரும். தேனு பாயசத்தை வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதுதான் நான் அவளைப் பார்த்த கடைசித் தடவை. அப்படித்தான் பிறகு ஏட்டிடமும் சொன்னேன்.

மூன்று மணிக்கு மழை வலுத்தது. திருச்சிக்காரர்கள் இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று பரபரத்தார்கள். பிள்ளைகள் தார்ப்பாய் போட்ட வேனில் முண்டியடித்து ஏறினார்கள். மழையில் நனையாமல் கேமராவைத் துணியால் போர்த்திக்கொண்டு எடுத்தேன். வேன் போனது. அதன்பின் வாசலில் தண்ணீர் தேங்கியதையும் செருப்புகள் மிதப்பதையும் எடுத்தேன். பிறகுதான் கூப்பிட்டேன்.

மாடியில் இல்லை. சமையல் கொட்டகையில் இல்லை. லாரிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். “மொட்ட போட்ட பொண்ணுங்க, அஞ்சு வயசு, பச்ச கவுனு” என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். மொட்டை அடித்த பெண்ணை யாரும் பார்க்கவில்லை. சாலையோர டீக்கடைக்காரர், “மொட்டயா? கண்ணுல பட்டா மறக்குமாங்க? இந்தப் பக்கம் வரலங்க” என்று உறுதியாகச் சொன்னார். பல்பீர் அண்ணன் நின்றிருந்த லாரிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவர் மனைவி குர்மீத் மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். ஒருவர் சைக்கிளில் ரயில் நிலையம் போய் என் கணவரை அழைத்து வரக் கிளம்பினார். பட்டறையின் போன் மதியத்திலிருந்தே மழையில் செத்துக் கிடந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன் குர்மீத் பட்டறையின் பின்பக்கத்திலிருந்து கத்தினார். முள்வேலியில் பச்சை கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்து, கனத்து. அதன் பக்கத்தில் என் வெள்ளைக் கைக்குட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை. அது எங்கே போகும் என்று எங்கள் ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல் எடுத்துவிட்டு விட்ட குவாரி, இரண்டு பனைமர ஆழம், ஐப்பசி மழையில் முக்கால் நிறைந்து பால் போல வெளுத்துக் கிடக்கும்.

அந்தக் கவுனை யாரோ என் கையில் கொடுத்தார்கள். பிழிந்து விட்டேன். ஏன் பிழிந்தேன் என்று இன்றும் தெரியாது. ஈரத்துணியைப் பார்த்தால் பிழிகிற கை.

காவல் நிலையத்திலிருந்து ஓர் ஏட்டுதான் வந்தார். மற்றவர்கள் அன்னாபிஷேகக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்கள். கவுனைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். லாரிக்காரர்கள் கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு குவாரிப் பக்கம் நடந்தார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பாப்பா போட்டோ இருக்காம்மா? எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லணும்” என்றார் ஏட்டு.

பையில் இருந்த படத்தைக் கொடுத்தேன். இரட்டைப் பின்னல், கனகாம்பரம்.

“இப்ப மொட்டன்னு சொன்னீங்களே. மொட்டயோட இல்லியா?”

இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை எடுத்தவளிடம் சொந்தப் பிள்ளையின் பத்து நாள் முகம் இல்லை. “கேமராவுல இருக்கும். கழுவணும்” என்றேன். சாப்பாட்டு வரிசையில் எங்காவது அவள் விழுந்திருப்பாள் என்று நினைத்தேன்.

“நீ போ” என்றார் என் கணவர். “இங்க நின்னு எதப் பாக்கப் போற? போய்க் கழுவு.” குரலில் கோபம் இல்லை. குவாரியில் கொக்கி இறங்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கால் நகரவில்லை. ஏட்டுதான் கையைப் பிடித்துத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்.

எங்கள் வீட்டுக் குளியலறைதான் எனக்கு இருட்டறை. கதவிடுக்கில் கோணி அடைத்து, விளக்கை அணைத்தேன். ஃபிலிமை ஒரு சுருள் சட்டத்தில் வரிவரியாக ஏற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை செய்த வேலை. ஆனால் ஈரக்கை பட்டால் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. உடம்பெல்லாம் மழை. கொடியில் கிடந்த அவருடைய வேட்டியில் தடவித் தேடிக் கையைத் துடைத்தேன். ஏற்றினேன், பாதியில் மடிந்தது. உருவினேன், மறுபடி ஏற்றினேன். கிழிந்தால் அவள் முகம் போய்விடும். இருட்டில் என் மூச்சு மட்டும் சத்தமாகக் கேட்டது.

மருந்தில் எட்டு நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். எண்ணாத நொடிகளில் குவாரி வந்தது. வெளியே நடையில் ஏட்டு நடந்துகொண்டிருந்தார்.

“ஆச்சாம்மா?”

“அஞ்சு நிமிஷம் ஆவும்.”

“சீக்கிரம் பண்ண முடியாதா?”

“பண்ணா படம் நிக்காது சார்.”

“சரிம்மா, சரி. நின்னு பண்ணுங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு” என்றார்.

மருந்தைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, நிலைநிறுத்தும் கரைசலையும் ஊற்றினேன். அது பத்து நிமிடம் இருக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் திறந்துவிட்டேன். சொட்டச் சொட்ட ஃபிலிமை எடுத்துக் குழல் விளக்கடியில் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினேன். மொட்டையைத் தேடினேன். சாமரம், ஆர்மோனியம், அல்வா வாங்கும் கைகள். பட்கா கட்டிய பிள்ளைகள். ஆறாவது படத்தில், காலையில் வேன் படியில், அவள் இருந்தாள். ஆனால் கண்மணி அளவு, மூடிய தலையோடு. அதன்பின் எங்குமே இல்லை. மற்றப் படங்களிலெல்லாம் ஊரார் பிள்ளைகள். நான் என் மகளை எடுக்கவே இல்லை.

ஃபிலிம் கையிலிருந்து நழுவிச் சுருண்டது. பதறிப் பிடித்தேன். பிடித்தபோது தலைகீழாக இருந்தது. திருப்பத் தோன்றவில்லை. மூன்று வருடப் பழக்கம், கண் தானாகக் காலில் போய் நின்றது. முப்பத்து மூன்றாம் படம். வேன் படியில் ஏறும் ஒரு சீக்கியப் பையன். பைஜாமா முழங்கால் வரை ஏறியிருக்கிறது. கணுக்காலில் ஒரு கறுப்புக் கோடு. நெகட்டிவில் வெள்ளி கறுப்பாகத்தான் விழும். மற்றக் காலைப் பார்த்தேன். அதில் கோடு இல்லை.

இடது காலில் மட்டும் கொலுசு போட்ட சீக்கியப் பையன் திருச்சியில் கிடையாது.

மெல்ல நிமிர்த்தினேன். கொண்டை போல முடிச்சிட்ட பட்கா, ஜிப்பா. அந்தப் பையன் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறான். குறிப்பேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்: ‘33 – சீக்கியச் சிறுவன், வேன் – 3.40’.

நாங்கள் பட்டறைக்குத் திரும்பியபோது ஆறரை. ஈரம் காயாத ஃபிலிமைப் பல்பீர் அண்ணன் லாரி விளக்கில் பிடித்துப் பார்த்தார். “இது ஜஸ்ஸியோட மாத்துத் துணி. ஆனா ஜஸ்ஸி அவங்க அப்பாவோட லாரில மூணு மணிக்கே போயிட்டானே!” என்றார். குவாரிக்கு ஆள் ஓடியது. ஏட்டு சாலையோர எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருச்சிக் கடைக்குப் பேசினார். எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் உதட்டையே பார்த்தோம். போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“வேன் இன்னும் வரலையாம்.”

ஆறு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வேன். நெடுஞ்சாலை, மழை, தார்ப்பாய் போட்ட பழைய வண்டி. என் கணவர் சேறு படிந்த காலோடு வந்து என் பக்கத்தில் நின்றார். பல்பீர் அண்ணன் லாரியைக் கிளப்பினார். அது சாலையில் ஏறும்போது எதிரே இரண்டு விளக்குகள் வேகம் குறைந்து, பட்டறைக்குள் திரும்பின.

முதலில் இறங்கியது பீஜி. இடுப்பில் தேனு, மேலே பீஜியின் கம்பளிச் சால்வை, வெறும் மொட்டைத் தலை.

“திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டும்மா, மொதல்ல புள்ளைய வாங்கு” என்று என் கையில் திணித்தார். “பாடாலூர்ல டீக்கு நிறுத்துனோம். ஜஸ்ஸி தூங்குறான், பட்கா அவுந்து கெடக்கு, கட்டிவுடலாம்னு துணிய எடுத்தேன். மொட்ட! எனக்கு உசுரே போயிட்டு. எம்பேரன் முடிய எந்தப் பாவி எடுத்தான்னு ரோட்டுல நின்னு கத்துனேன். டீக்கடைக்காரன் ஓடியாந்துட்டான். அப்பத்தான் இந்தச் சிம்ரன் கழுத சிரிக்குது. பாயசம் கொட்டிடுச்சாம், கவுன அலசிப் போட்டாளாம், தம்பி துணிய மாட்டி, பொய்க்கொண்ட வெச்சு ஜோடிச்சாளாம். போன் பண்ணா உங்க போன் போவல. ஜஸ்ஸி அவங்கப்பன் லாரில போயிட்டது எனக்குத் தெரியாது. கெளம்புறப்ப நாந்தாம்மா எண்ணுனேன். ஏழு பட்கா. சரியா இருந்துச்சு. பட்காவத்தான் எண்ணியிருக்கேன், புள்ளைய எண்ணல.”

அவராவது தார்ப்பாய் இருட்டில் எண்ணினார். ஏட்டு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் தேனுவின் இடது காலைக் கையில் பிடித்தபடி நின்றார், விடவே இல்லை.

“ஏன்டி, அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?” என்றேன். அடிக்க ஓங்கிய கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

தேனு தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்தாள். நான் ஏன் கேட்கிறேன் என்பது அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

“நீ கேமராவ கண்ணுல வெச்சிருந்த. கூப்புடக் கூடாதுல்ல. அதான் படியிலயே நின்னு ஒன்னையே பாத்தேன். நீயும் என்னையப் பாத்து போட்டோ எடுத்த. எடுத்துட்டு, போயிட்டு வான்னு தலைய ஆட்டுனியேம்மா.”